கலயத்துச் சுண்ணாம்பு

திண்டுக்கல்லின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் நகரின் நடுவே நிமிர்ந்து நிற்கும் பாறையையும் அதன்மேல் அமைந்த கோட்டையையும் சொல்லுவர். 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்ததையும், 1792இல் இப்பகுதி ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறியதையும் சொல்லுவர். அவ்வளவில் வரலாறு முடிந்ததாகக் கருதிவிடுவர். கோட்டைக்கு வெளியே, மழையை நம்பிக் கிடக்கும் சமவெளியில் வரப்போரம் நிற்கும் பனைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் போர் இல்லை. ஆனால் அச்சம் உண்டு. ஒரு மட்கலயத்தில் அழையாமல் நுழையும் உயிர்களைப் பற்றிய அச்சம் அது.

பனையின் பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, சீவிய முனையில் கலயத்தைக் கட்டிவிட்டால் துளித்துளியாகச் சாறு வடியும். வடியும் பொழுது அது கள்ளும் அன்று, பதநீரும் அன்று. வெறும் இனிய சாறு. நூற்றில் பத்துப் பங்குக்குக் குறையாத சர்க்கரை அதில் உண்டு. அத்தகைய விருந்து திறந்த வாயோடு மரத்தில் தொங்கும்போது விருந்தினர் வாராதிருப்பரோ? காற்றிலும், தேனீயின் காலிலும், சீவும் அரிவாளின் அலகிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழங்கலயத்தின் நுண்துளைகளிலும் ஈஸ்ட் எனப்படும் நுண்காளானும் அதன் கூட்டாளிகளான பாக்டீரியங்களும் குடியிருக்கின்றன. இரவு கட்டிய கலயத்தில் விடியலுக்குள் நுரை எழும்பிவிடும். சாற்றைக் கள்ளாக்குவதற்கு மனிதன் ஒன்றுமே செய்ய வேண்டுவதில்லை. சும்மா இருந்தாற் போதும். அதைக் கள்ளாகாமற் காப்பதற்கே உழைப்பு வேண்டும். இதனை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும்.

காக்கும் வழியை நம்முடைய பனைத்தொழிலாளர் எக்காலத்தில் கண்டனர் என்று நாள் குறித்துச் சொல்ல இயலாது. வழி எளியது. கலயத்தைக் கழுவிக் காயவைத்து, அதன் உட்புறத்தில் நீற்றிய சுண்ணாம்பைப் பூசிவிடுவர். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் கலயத்துக்கு மட்டும் பூட்டு இல்லை, சுண்ணாம்பே பூட்டு. அது காரத்தன்மை உடையது. காரம் மிகுந்த சாற்றில் ஈஸ்ட் பெருகுவதில்லை. புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியங்களும் அடங்கிக் கிடக்கும்.

இனி மேல்நாட்டுக்குச் சற்றே செல்வோம். அங்கும் இதே அச்சம் இருந்தது, ஆனால் தலைகீழாக. பீர் காய்ச்சுவோருக்கு ஈஸ்ட் வேண்டிய விருந்தாளி; அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் பிற உயிர்களே திருடர்கள். சிறு வீட்டில் ஒரு பானை காய்ச்சுபவர் முதல் பெரும் ஆலை நடத்துபவர் வரை, இந்த முறை புளித்துக் கெட்டுவிடுமோ என்ற கவலை எல்லோரையும் வாட்டிற்று. ஏன் கெடுகிறது என்று அறிந்தவர் இலர். 1856இல் பிரெஞ்சு நாட்டு லீல் நகரில் பீட்டுக்கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடித்த ஆலைக்காரர் ஒருவர், தம் சாறு புளித்துப் போவதாக அங்கிருந்த வேதியியல் பேராசிரியரிடம் முறையிட்டார். அப்பேராசிரியரே லூயி பாஸ்தூர். நல்ல தொட்டியின் துளியையும் கெட்ட தொட்டியின் துளியையும் அவர் நுண்பெருக்காடியின் கீழ் வைத்து நோக்கினார். ஒன்றில் உருண்டையான ஈஸ்ட். மற்றொன்றில் அதனினும் மிகச் சிறிய வேறு உயிர்கள். புளிப்பு தானாக வருவதன்று, அதற்கென ஓர் உயிர் உண்டு என்று அடுத்த ஆண்டு, 1857இல், அவர் எடுத்துரைத்தார். 1871இல் இலண்டனில் விட்பிரெட் என்னும் புகழ்பெற்ற பீர் ஆலைக்குச் சென்று, அவர்களுடைய ஈஸ்ட்டில் அயல் உயிர்கள் கலந்திருப்பதைக் காட்டினார். ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் சென்றபோது ஆலையார் ஒரு நுண்பெருக்காடியை வாங்கி வைத்திருந்தனராம்.

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் என்பவர் இன்னும் ஒரு படி முன்னேறினார். ஒரே ஓர் ஈஸ்ட் உயிரணுவைப் பிரித்தெடுத்து, அதன் வழிவந்த தூய கூட்டத்தை மட்டும் 1883இல் ஆலையில் இடச் செய்தார். அதே ஆய்வுக்கூடத்தில் 1909இல் சோரன்சன் என்னும் அறிஞர் புளிப்பையும் காரத்தையும் எண்ணால் அளக்கும் ஓர் அளவையை வகுத்தார். இன்று பள்ளி ஆய்வகங்களில் பி.எச். என்று கற்பிக்கப்படுவது அதுவே. 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். பீர் கெடாமல் இருப்பதற்காக எழுந்த கூடத்தில் பிறந்த அளவை, நம் வரப்போரத்துக் கலயத்தில் சுண்ணாம்பு என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. புதுச்சாறு ஏறத்தாழ 7இல் இருக்கும். சுண்ணாம்பு அதனை மேலே உயர்த்தும். புளிக்கத் தொடங்கின் அது விரைவில் கீழே இறங்கும்.

அளவை இல்லாத வீட்டிலும் அறிகுறி இல்லாமற் போகவில்லை. திருமண வீட்டில் ஆலத்தி கரைப்போர் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்க்க நீர் சிவப்பதைக் காணாதவர் யார்? அச்சிவப்பே காரத்தின் அடையாளம். ஆயினும் பனைத்தொழிலாளர் வீட்டில் பெரும்பாலும் நாவும் மூக்குமே கருவிகள். சாறு இறக்குவது ஆடவர் தொழில் என்றால், அதனை வடிகட்டிக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் பெண்டிர் தொழில். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கெட்டதையும் நல்லதையும் அவர்கள் பிரித்துவிட வேண்டும். ஏன் எனின், புளிப்பு ஏறிய சாற்றில் கரும்புச் சர்க்கரையின் இனம் உடைந்து வேறு சர்க்கரைகளாகிவிடும். எத்தனை நாழிகை கிண்டினாலும் பாகு இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். கொட்டாங்கச்சியில் ஊற்றினால் உருவம் கொள்ளாது. அன்றைய உழைப்பும் விறகும் வீண். அஞ்சிச் சுண்ணாம்பை அள்ளிப் பூசினாலோ கருப்பட்டி கறுத்துக் கைப்புத் தட்டும். சந்தையில் விலை போகாது. எவ்வளவு பூசுவது என்பதை நூல் எதுவும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் அரசாங்கச் சட்டம் வந்து அமர்ந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள்ளை வருவாய்க்கு உரிய பொருளாகக் கண்டது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லும் அதில் அடங்கிற்று. அன்று முதல் சுண்ணாம்பின் பொருள் மாறிவிட்டது. முன்பு அது கருப்பட்டிக்குக் காவல். இப்பொழுது அதை ஏற்றுபவனுக்கே காவல். சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இறக்கியது பதநீர், உரிமம் பெற்றால் தொழில். பூசாத கலயத்தில் நுரைத்தது கள், குற்றம். இரண்டும் ஒரே மரத்தின், ஒரே பாளையின் சாறு.

மதுவிலக்கின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்டவர் அதனைக் குறைகூறார். ஆனால் சட்டம் ஒன்றை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. பீர் காய்ச்சுபவன் தானியத்தை முளைக்கவைத்து, அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் இட்டுக் காய்ச்சுகிறான். அவன் செயலுக்குப் பின்னே எண்ணம் இருக்கிறது. பனைச்சாறு புளிப்பதற்கு எவர் எண்ணமும் வேண்டுவதில்லை. நேற்று மழை தூறிப் பூச்சு கரைந்துவிட்டாலும், ஏற்றுபவர் காய்ச்சலாற் படுத்து இரண்டு நாழிகை தாமதித்து இறக்கினாலும், கலயம் புளித்துவிடும். அதைச் செய்தவர் ஈஸ்ட். கேள்விக்கு நிற்பவர் மனிதர். அஞ்சிய அளவுக்குச் சுண்ணாம்பு கூடிற்று என்றால் வியப்பில்லை. மேலே சொன்ன கைப்புக் கருப்பட்டிக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இந்த இடர்ப்பாட்டில் பனையின் பக்கம் நின்றவர்களுள் ஜே. சி. குமரப்பாவைக் குறிப்பிட வேண்டும். 1934இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை அவர் நடத்தினார்; பிற்காலத்தில் மதுரைக்கு அருகே தி. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960இல் மறைந்தார். நல்ல நீர்ப்பாசன நிலத்தை விழுங்கும் கரும்பை விட, எவரும் நீர் ஊற்றாத புன்செயில் நிற்கும் பனை நாட்டுக்குச் சர்க்கரை தரட்டும் என்பது அவ்வியக்கத்தாரின் வாதம். மதுவிலக்கால் தொழில் இழந்தோரைக் கருப்பட்டித் தொழிலில் அமர்த்தக் கூட்டுறவுச் சங்கங்களும் எழுந்தன. திண்டுக்கல்லுக்கு அண்மையில் 1947இல் தோன்றிய காந்திகிராமமும் இத்தகைய கிராமக் கைத்தொழில்களைப் போற்றிய நிலையமே.

மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. கள்ளுக்கு மட்டும் 1987 முதல் தடை நீடிக்கிறது. பதநீருக்குத் தடை இல்லை. பதநீரைச் சூடாக்கிக் குப்பிகளில் அடைத்துக் கெடாமல் வைக்கும் முறையும் பின்னர் வந்தது. அம்முறைக்குப் பாஸ்தூரின் பெயரே வழங்குகிறது. ஆனால் அந்தச் சூடு மரத்திலிருந்து இறங்கிய பின்னரே கிடைக்கும். பாளையின் முனைக்கும் அடுப்புக்கும் இடையே கழியும் அந்த ஓர் இரவுக்கு இன்றும் பெரும்பாலும் சுண்ணாம்பே காவல். கோடைப் பருவத்தில் பனை ஏறுபவரின் இடுப்பில் அரிவாளோடு ஒரு சிறு சுண்ணாம்புப் பெட்டியும் சேர்ந்தே மேலே போகிறது.