கற்பவரை வகைப்படுத்திய பாடத்தளங்கள்: இணையவழிக் கல்வியில் கற்றல் பாணிக் கோட்பாட்டின் வரலாறு

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகத்தில் பணியாற்றிய கார்வர், ஹோவர்ட், லேன் ஆகிய மூவர், தாங்கள் உருவாக்கிய சி.எஸ்.383 என்ற கணினிப் பாடத்தைப் பற்றி 1999இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பாடத்தின் உரை, படம், ஒலி, அசைபடம் எல்லாம் மீயுரைப் பக்கங்களில் கோக்கப்பட்டிருந்தன. மாணவர் முதலில் ஒரு வினாநிரலை நிரப்ப வேண்டும். அந்த விடைகளிலிருந்து அவருடைய கற்றல் பாணி, அதாவது அவர் கற்க விரும்பும் விதம், கணிக்கப்படும். அதற்கு மிகவும் ஏற்ற பாடப்பொருள் முதலில் வரும்படி பட்டியல் வரிசை மாறும். ஒரே பாடம், ஒரே ஆசிரியர், ஆனால் ஒவ்வொரு மாணவரின் திரையிலும் வேறு வரிசை. கற்றல் பாணிக் கோட்பாட்டை இணையவழிக் கல்வியின் வடிவமைப்பில் பொருத்திய முதல் முயற்சிகளில் இது குறிப்பிடத்தக்கது. அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எழுந்த பல தளங்கள் இதே அடிப்படையில் அமைந்தன.

இக்கோட்பாடு இணையவழிக் கல்விக்குள் நுழைந்ததற்குக் காரணம் அதன் சான்று வலிமை அன்று, கணினி எளிதில் ஏற்கக்கூடிய அதன் வடிவமே என்பது இக்கட்டுரையின் வாதம். கோட்பாடு தளர்ந்த பிறகும் அதற்காகக் கட்டப்பட்ட அமைப்புகள் தளரவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இன்றும் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் குழப்பம் நீடிக்கிறது.

இருட்டறையும் செவ்வாய்க் கோள் விலங்குகளும்

ஹெர்மன் விட்கின் 1940களில் நியூயார்க்கில் நடத்திய சோதனைகளிலிருந்து தொடங்கலாம். இருட்டறையில் அமர்ந்திருப்பவருக்கு ஒளிரும் சட்டம் ஒன்றும் அதனுள் ஒளிரும் கோல் ஒன்றும் தெரியும். சட்டம் சாய்ந்திருக்கும். கோலைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னால், சிலர் சாய்ந்த சட்டத்தை ஒட்டியே கோலையும் சாய்த்து நிறுத்தினர். வேறு சிலர் சட்டத்தைப் பொருட்படுத்தாமல் நேராக நிறுத்தினர். முன்னவரைக் களம் சார்ந்தோர் என்றும் பின்னவரைக் களம் சாராதோர் என்றும் விட்கின் வகுத்தார். புலனறிவைப் பற்றிய இந்தப் பாகுபாட்டின் கல்வித் தாக்கங்களை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் விரிவாக எழுதினர்.

கல்வி ஆய்வில் இதற்கு இடம் அமைத்துக் கொடுத்தவர் லீ க்ரான்பாக். எந்தப் பயிற்றுமுறை சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது, எந்தத் திறனுடையவருக்கு எந்த முறை பொருந்தும் என்றே கேட்க வேண்டும் என அவர் 1957இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில் வாதிட்டார். இருபது ஆண்டுக்கால ஆய்வுகளைத் திரட்டி ரிச்சர்ட் ஸ்னோவுடன் அவர் எழுதிய நூல் 1977இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1975இல், அவருடைய நம்பிக்கை தணிந்திருந்தது. கற்பவரின் இயல்புக்கும் பயிற்றுமுறைக்கும் இடையே தொடர்பு தேடினால் அது மூன்றாவது காரணி ஒன்றைப் பொறுத்து மாறுகிறது, அதுவும் நான்காவது ஒன்றைப் பொறுத்து மாறுகிறது என்று அவர் கண்டிருந்தார். பின்னால் வந்த பாடத்தள வடிவமைப்பாளர்கள் க்ரான்பாக்கின் கேள்வியை எடுத்துக்கொண்டனர். அவருடைய எச்சரிக்கையை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த முன்வரலாற்றில் இணையவழிக் கல்விக்கு மிக நெருக்கமானவர், அதிகம் பேசப்படாத பிரிட்டன் அறிஞர் கோர்டன் பாஸ்க். சைபர்னெட்டிக்ஸ் துறையிலிருந்து வந்த அவர், கற்றலை மனிதருக்கும் எந்திரத்துக்கும் இடையிலான உரையாடலாகவே பார்த்தார். அவரும் ஸ்காட்டும் 1972இல் வெளியிட்ட சோதனையில், செவ்வாய்க் கோளில் வாழ்வதாகக் கற்பனை செய்யப்பட்ட கிளாபிட், கேண்டில்முல்லர் என்னும் விலங்கினங்களின் வகைப்பாட்டை மாணவர் கற்க வேண்டியிருந்தது. கற்பனை விலங்குகளைத் தேர்ந்தது நுட்பமான முடிவு, எவருக்கும் முன்னறிவு இருக்க வழியில்லை அல்லவா? சிலர் ஒரு கூற்றை உறுதிப்படுத்திய பிறகே அடுத்ததற்கு நகர்ந்தனர். சிலர் முழுச் சித்திரத்தை முதலில் ஊகித்துக்கொண்டு நுணுக்கங்களுக்குப் பிறகு வந்தனர். முதல் வகையினரைத் தொடர்முறையாளர், இரண்டாம் வகையினரை முழுநோக்காளர் என்று பாஸ்க் அழைத்தார். தம் முறைக்குப் பொருந்திய பாடத்தைப் பெற்றவர் மிக நன்றாகக் கற்றனர். பொருந்தாததைப் பெற்றவர் பின்தங்கினர்.

சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே என்பதால் இந்த முடிவின்மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. ஆனால் பாஸ்க் கவனித்தது கண்ணா காதா என்பதை அன்று, பாடத்தின் வழியே ஒருவர் நடந்துசெல்லும் பாதையை. ஒரு பக்கத்திலிருந்து பல பக்கங்களுக்குக் கிளைகள் விரியும் ஊடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. கற்றல் பாணி ஆய்வு இந்தத் திசையில் வளராமல் போனதை ஓர் இழப்பாகவே நான் கருதுகிறேன்.

44 வினாக்கள்

1970களிலும் 80களிலும் வகைப்பாடுகள் பெருகின. ரீட்டா டன், கென்னத் டன் இணையரின் மாதிரி அமெரிக்கப் பள்ளிகளில் பரவியது. டேவிட் கோல்ப் 1984இல் அனுபவவழிக் கற்றல் சுழற்சியையும் அதையொட்டிய நான்கு பாணிகளையும் நூலாக்கினார். பீட்டர் ஹனியும் ஆலன் மம்ஃபோர்டும் அதை 1982லேயே மேலாளர் பயிற்சிக்கு ஏற்பத் திருத்தி அமைத்திருந்தனர். நியூசிலாந்தில் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய வார்க் வினாநிரல், பார்த்தல், கேட்டல், படித்தல்-எழுதுதல், செய்தல் என்னும் நான்கு விருப்பங்களைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்தது.

பாடத்தளங்களை வென்றதோ பொறியியல் கல்வியிலிருந்து வந்த மாதிரி. வட கரோலினாவின் வேதிப்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபெல்டரும் கல்வி உளவியலாளர் லிண்டா சில்வர்மனும் 1988இல் அதை முன்வைத்தனர். புலனறிவு வழி – உள்ளுணர்வு வழி, காட்சி – சொல், செயல் – சிந்தனை, படிப்படி – முழுமை என நான்கு பரிமாணங்களாகப் பின்னர் அது நிலைபெற்றது. ஃபெல்டரும் பார்பரா சாலமனும் அதற்கு 44 வினாக்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கினர். பரிமாணத்துக்கு 11 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைகள். ஒரு பக்கத்து விடைகளிலிருந்து மறுபக்கத்து விடைகளைக் கழித்தால் ஒரு முனையில் 11, எதிர்முனையில் 11 என்ற எல்லைக்குள் ஓர் ஒற்றைப்படை எண் கிடைக்கும்.

ஒரு மாணவரை நான்கு எண்களால் எழுதிவிடலாம் என்பது மென்பொருள் எழுதுபவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. தரவுத்தளத்தில் நான்கு புலங்கள் போதும், சில நிபந்தனை விதிகளில் பக்கம் மாறிவிடும். வினாநிரலும் இணையத்தில் இலவசமாக நிரப்பி உடனே மதிப்பெண் பெறும் வகையில் கிடைத்தது. ஃபெல்டர் இதை இந்த நோக்கத்துக்காகச் செய்யவில்லை. வகுப்பில் பல்வேறு இயல்பினர் இருப்பதை ஆசிரியருக்கு உணர்த்துவதும், மாணவர் தம்மைத் தாமே அறிய உதவுவதுமே அவர் நோக்கம். ஒவ்வொருவருக்கும் தனிப்பாணியில் கற்பிக்க அவர் சொல்லவில்லை. எல்லாப் பாணிகளையும் சமநிலையில் தொட்டுக் கற்பிக்கவே சொன்னார். அளவுகோலைக் கையாண்ட தளங்கள் பல அதை நேர்மாறாகப் பயன்படுத்தின.

தகவமையும் பக்கங்கள்

பீட்டர் புருசிலோவ்ஸ்கி 1996இல் எழுதிய தொகுப்பாய்வு, பயனரைப் பொறுத்து மாறும் மீயுரை அமைப்புகளுக்கு இலக்கணம் வகுத்தது. பக்கத்தின் உள்ளடக்கத்தை மாற்றலாம், அல்லது இணைப்புகளை வரிசைப்படுத்தியும் மறைத்தும் குறியிட்டும் பயணத்தை மாற்றலாம். எதைப் பொறுத்து மாற்றுவது என்பதே மிச்சமிருந்த கேள்வி. கற்றல் பாணி அந்த இடத்தில் ஆயத்தமாக வந்து அமர்ந்தது.

ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் இன்ஸ்பயர் அமைப்பு, ஹனி-மம்ஃபோர்டு பாணிகளைப் பொறுத்து எடுத்துக்காட்டு, கோட்பாடு, பயிற்சி ஆகியவற்றின் வரிசையை மாற்றியது. தெசலோனிகியில் திரியான்டாஃபில்லூ குழுவினர் விட்கினின் பாகுபாட்டைக் கையாண்டனர். களம் சார்ந்தோருக்குப் பாதையை அமைப்பே வகுத்துக் கொடுத்தது, களம் சாராதோருக்குத் தேர்வைத் திறந்து வைத்தது. பாஸ்க் எழுப்பிய கேள்விக்கு மிக அருகில் வந்தது இந்தத் தளமே.

இக்காலத்தின் மிகக் கவனமான பணி வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சபின் கிராஃப் 2007இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு. அவர் புதிய தளம் ஒன்றைக் கட்டாமல், பல நிறுவனங்களில் ஏற்கெனவே புழங்கிய மூடுல் என்னும் பாடத்தளத்தையே விரிவாக்கினார். வினாநிரலை மட்டும் நம்பாமல், மாணவர் எடுத்துக்காட்டில் செலவிடும் நேரம், பயிற்சிகளில் செய்யும் முயற்சிகள், கலந்துரையாடல் களத்துக்கு வரும் எண்ணிக்கை ஆகிய நடத்தைகளிலிருந்து பாணியைக் கணிக்கவும் வழி கண்டார். ஆய்வாளர் கின்ஷுக்குடன் அவர் வெளியிட்ட முடிவின்படி, பாணிக்குப் பொருந்திய பாடம் பெற்றவர் குறைந்த நேரமே செலவிட்டனர். மதிப்பெண்ணில் மற்றவரும் அவர்களும் சராசரியாக ஒன்றே. நேரம் மிச்சமானதைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் கோட்பாடு வாக்களித்தது அதிகமான கற்றலை.

சான்றைத் தேடியபோது

பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை 71 மாதிரிகளை இனங்கண்டு, 13ஐ ஆழமாக ஆராய்ந்தது. பல வினாநிரல்களின் நம்பகமும் ஏற்புடைமையும் கேள்விக்குள்ளாயின. பாடத்தளங்களில் மிகவும் பயன்பட்ட ஃபெல்டர்-சில்வர்மன் மாதிரி அந்த 13இல் இல்லை. அறிக்கையின் அதிர்வு கணினிக் கல்வி ஆய்விதழ்களை அதிகம் எட்டாததற்கு இதுவும் ஒரு காரணம் என எண்ணுகிறேன்.

ஹெரால்டு பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் ஆகியோர் 2008இல் தெளிவான நிபந்தனை வைத்தனர். மாணவரைப் பாணிப்படி பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவினரையும் குலுக்கல் முறையில் வெவ்வேறு பயிற்றுமுறைகளுக்கு அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். ஒரு பாணியினருக்குச் சிறந்த முறை, மறு பாணியினருக்குச் சிறந்ததாக இருக்கக் கூடாது. இந்நிபந்தனையை நிறைவேற்றிய ஆய்வுகளே அரிது, நிறைவேற்றியவற்றில் பல எதிர்மறை விடையையே தந்தன.

இணையவழிப் பாடத்துக்கு நேரடியாகப் பொருந்தும் சான்று அதற்கும் முன்பே இருந்தது. மாசாவும் ரிச்சர்ட் மேயரும் 2006இல், மின்னணுவியல் பற்றிய கணினிப் பாடம் ஒன்றுக்குச் சொல்வழி உதவித்திரைகளையும் படவழி உதவித்திரைகளையும் தனித்தனியே அமைத்துச் சோதித்தனர். காட்சி விரும்பிகளுக்குப் படமும் சொல் விரும்பிகளுக்குச் சொல்லும் கூடுதல் பயன் தரவில்லை. உரை மிகுந்த அப்பாடத்தில் படவழி உதவி இரு சாராருக்குமே நன்மை செய்தது. ரோகோவ்ஸ்கி குழு 2015இல் ஒலிநூலையும் மின்னூலையும் ஒப்பிட்டபோதும் பொருத்தத்தால் புரிதல் கூடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் நம்பிக்கை அசையவில்லை. டெக்கர் குழு 2012இல் ஆய்வு செய்த ஆசிரியர்களில் பிரிட்டனில் 93 சதவீதத்தினரும் நெதர்லாந்தில் 96 சதவீதத்தினரும் விருப்பப் பாணியில் தகவல் பெறும்போது நன்றாகக் கற்க முடியும் என்றே நம்பினர்.

எஞ்சியவை

கற்பவரிடையே பாடத்தளம் கவனிக்க வேண்டிய வேறுபாடு இல்லை என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறு. முன்னறிவு அப்படிப்பட்ட வேறுபாடு. கல்யுகா, ஸ்வெல்லர் முதலியோர் 2003இல் தொகுத்துக் காட்டியபடி, புதியவருக்குத் துணைசெய்யும் படிப்படியான விளக்கம் தேர்ந்தவருக்குத் தடையாகிறது. கற்பவரின் இயல்புக்கும் பயிற்றுமுறைக்கும் இடையே க்ரான்பாக் தேடிய தொடர்பு இங்கே உறுதியாகக் கிடைக்கிறது. பாஸ்க் தம் சோதனையில் கவனமாக நீக்கிவைத்த காரணியும் இதுவே.

பன்முக வடிவங்களும் எஞ்சின. மாசசூசெட்ஸில் 1984இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய காஸ்ட் நிறுவனத்தின் கற்றல் வடிவமைப்பு நெறிகள், யாரையும் வகைப்படுத்தாமல் எல்லா வடிவங்களையும் எல்லோருக்கும் திறந்துவைக்கச் சொல்கின்றன. இந்தியாவில் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்ட ஸ்வயம் தளமும் ஒவ்வொரு பாடத்தையும் காணொலி விரிவுரை, படிக்கும் பாடப்பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல் களம் என நான்கு கூறுகளாக அமைக்கிறது.

கிராஃப் கையாண்ட நடத்தைப் பதிவை இத்தகைய தளத்தில் பொருத்திப் பார்க்கலாம். தமிழ்வழியில் பள்ளி முடித்துப் பொறியியல் முதலாண்டில் சேரும் மாணவி, ஆங்கில விரிவுரைக் காணொலியை அடிக்கடி நிறுத்திவிட்டு எழுத்து வடிவத்துக்குப் போகிறாள் என்று கொள்வோம். பாணி கணிக்கும் நிரல் அவளைச் சொல்வழிக் கற்பவராகப் பதிந்து, மேலும் மேலும் உரையையே முன்வைக்கும். அவள் உரையை நாடுவது ஆங்கிலப் பேச்சின் வேகத்தாலோ, தரவுக் கட்டணத்தாலோ, முந்தைய பாடத்தில் விட்டுப்போன ஒரு கருத்தாலோ இருக்கலாம். மூன்றுக்கும் தேவைப்படும் மாற்றங்கள் வேறு: முதலாவதற்குத் தமிழ் வசனவரிகள், இரண்டாவதற்குக் குறைந்த அளவுக் கோப்பு, மூன்றாவதற்கு முன்பாடத்துக்கு ஓர் இணைப்பு. சொடுக்குப் பதிவு இம்மூன்றையும் பிரித்துக் காட்டாது. பாடத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு முன்னறிவுத் தேர்வும், எந்த மொழியில் பயின்றார் என்ற ஒரு வினாவும், எந்தக் கருவியில் எந்த இணைப்பில் படிக்கிறார் என்ற இன்னொரு வினாவும் காட்டும். 44 வினாக்களை நிரப்பும் நேரத்தில் இவை எளிதில் அடங்கும்.