அச்சம் எங்கே போயிற்று?

இருண்ட அறையில் உங்களிடம் மூன்றே தோட்டாக்கள் இருப்பதாகக் கொள்வோம். எதிரே ஒரு நடைபிணம். சுடுவீர்களா, ஓடுவீர்களா? இந்த இக்கட்டே, 1996-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' என்னும் வீடியோ விளையாட்டின் உயிர்நாடி. ஷின்ஜி மிக்காமி இயக்கிய அதில் காமிரா நம்முடன் நகராது. குறித்த கோணங்களில் நிலைத்து நிற்கும். மூலைக்கு அப்பால் காலடியோசை கேட்கும், உருவம் தெரியாது. ஆட்டத்தைச் சேமிக்கவும் தட்டச்சுப் பொறிக்கு மை நாடா தேடவேண்டும்.

2005-இல் வந்த நான்காம் பாகத்தில் அதே மிக்காமி காமிராவை வீரனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார். குறிபார்த்துச் சுடுவது எளிதாயிற்று. வீழ்ந்த பகைவரிடமிருந்தே தோட்டாக்கள் கிடைத்தன. மை நாடாவும் தேவைப்படவில்லை. 2009-இல் ஐந்தாம் பாகத்தில் துணைக்கு ஒருவர் சேர, தனிமையும் போயிற்று. 2012-இல் வந்த ஆறாம் பாகம் பெரும்பாலும் அதிரடிச் சண்டையே.

தொடர் தடம் மாறிவிட்டதா? மாறியது உண்மை, ஆனால் திரும்பியும் வந்தது. 2017-இல் ஏழாம் பாகம் ஆட்டக்காரரின் கண்ணையே காமிராவாக்கி, அவரைப் பாழ்வீடொன்றில் தனியே விட்டது. தோட்டாக்கள் மறுபடியும் அருகின.

எனவே, ஒரு விளையாட்டு அச்சமூட்டுவதா, அதிரடியா என அறிய விரும்பினால் பூதங்களை எண்ண வேண்டாம். கையிலுள்ள தோட்டாக்களை எண்ணிப் பாருங்கள்.