பாலிஅமீன்களும் புற்றுநோயும்

மனித உயிரணுக்களில் புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்னும் மூன்று பாலிஅமீன்கள் உள்ளன. நேர்மின்னூட்டம் கொண்ட இச்சிறு மூலக்கூறுகள், எதிர்மின்னூட்டமுள்ள டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் பற்றிக்கொள்கின்றன. இவை இன்றி உயிரணு வளராது, பிரியாது.

1678-இல் டெல்ஃப்ட் நகரின் ஆன்டனி வான் லேவன்ஹூக், சில நாள் வைத்திருந்த விந்தில் படிகங்களைக் கண்டு எழுதினார். அவை ஸ்பெர்மின் பாஸ்பேட் என்பது இரு நூற்றாண்டுகளுக்குப் பின்பே விளங்கியது. 1880-களில் ஜெர்மனியின் லுட்விக் பிரீகர் அழுகிய இறைச்சியிலிருந்து புட்ரெசினைப் பிரித்தெடுத்தார். 1920-களில் லண்டனில் ஓட்டோ ரோசன்ஹைம் குழுவினர் ஸ்பெர்மினின் வேதியமைப்பை உறுதிசெய்தனர். உயிரணுக்கள் இவற்றை உண்டாக்கும் வழியை, அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஹெர்பர்ட் டேபர், செலியா டேபர் தம்பதியர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தனர்.

அந்த வழியின் நுழைவாயிலில் நிற்பது ஆர்னிதின் டீகார்பாக்சிலேஸ் என்ற நொதி. அது ஆர்னிதினைப் புட்ரெசினாக மாற்றுகிறது. எலியின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால் எஞ்சியது விரைந்து வளரும். அவ்வேளையில் இந்த நொதியின் செயல்பாடு பன்மடங்கு பெருகுவதை 1968-இல் டயான் ரஸ்ஸலும் சாலமன் ஸ்னைடரும் காட்டினர். புற்றுநோயாளிகளின் சிறுநீரில் பாலிஅமீன்கள் மிகுந்திருப்பதை 1971-இல் ரஸ்ஸல் அறிவித்தார். பல புற்றுநோய்களைத் தூண்டும் மிக் மரபணுவே இந்த நொதியின் உற்பத்தியை நேரடியாக முடுக்குகிறது என்பது 1990-களில் தெளிவானது.

நொதியை முடக்கும் எஃப்லோர்னிதின் 1970-களில் உருவாக்கப்பட்டது. முற்றிய புற்றுநோய்க்கு அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உள்ளே உற்பத்தி நின்றாலும், உணவிலிருந்தும் குடல் நுண்ணுயிர்களிடமிருந்தும் வரும் பாலிஅமீன்களைப் புற்றணுக்கள் உறிஞ்சிக்கொண்டன. மருந்து அவற்றின் வளர்ச்சியைத் தணித்ததே தவிர, அவற்றைக் கொல்லவில்லை. மிகுந்த அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கேட்கும் திறனும் குறைந்தது.

ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு அதே மருந்து கைகொடுத்தது. மனித உயிரணு இந்த நொதியைச் சில நிமிடங்களிலேயே சிதைத்துப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது. தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலோ நொதி நெடுநேரம் நீடிப்பதால், ஒருமுறை முடங்கினால் எளிதில் மீள்வதில்லை. 1990-இல் அமெரிக்காவில் இப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது.

புற்றுநோய் ஆய்வில், வளர்ச்சியைத் தணிக்கும் இம்மருந்தைக் கட்டி முற்றுமுன் கொடுத்துப் பார்ப்பது அடுத்த முயற்சி. பெருங்குடல் கட்டிகள் நீக்கப்பட்ட 375 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008-இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், போலி மருந்து பெற்றவர்களில் 41 விழுக்காட்டினருக்குக் கட்டி மீண்டும் தோன்றியது. எஃப்லோர்னிதினும் அழற்சி தணிக்கும் மருந்தான சுலிண்டாக்கும் சேர்த்துப் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கே தோன்றியது. 2023 டிசம்பரில், நியூரோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் பருவப் புற்றுநோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பைக் குறைக்க, முந்தைய சிகிச்சையில் பலன் கண்ட உயர் ஆபத்து நோயாளிகளுக்கு எஃப்லோர்னிதின் மாத்திரையை வழங்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.