டின் சால்மனும் எளிய சமையலும்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் மீனை டின்னில் அடைக்கும் தொழில் 1864இல் தொடங்கியது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில், தகர வேலை தெரிந்த ஆண்ட்ரூ ஹாப்குட்டும் ஹியூம் சகோதரர்களும் ஒரு மிதவையின் மேல் பட்டறை அமைத்தார்கள். முதல் ஆண்டு அடைத்ததில் ஏறக்குறைய பாதி டின்கள் பற்று விட்டுக் கெட்டுப்போயின. தங்கத்துக்காக மலைகளை நீர் பீய்ச்சிக் கரைத்ததால் ஆறும் சேறாகி மீன் குறைந்தது. 1866இல் அவர்கள் வடக்கே கொலம்பியா ஆற்றுக்குப் போனார்கள். 1878இல் தொழில் அலாஸ்காவை எட்டியது. 1883இல் கொலம்பியாவில் மட்டும் ஆறு லட்சம் பெட்டிகளுக்கு மேல் அடைத்தார்கள்; பெட்டிக்கு ஒரு பவுண்டு டின்கள் 48.

பச்சை மீனைத் துண்டு போட்டு, உப்புச் சேர்த்து, டின்னில் திணித்து மூடியைப் பற்றவைப்பார்கள். ஒருமுறை வேகவைத்தபின் மூடியில் சிறு துளையிட்டுக் காற்றை வெளியேற்றி, துளையை ஈயத்தால் அடைத்து மறுபடி வேகவைப்பார்கள். ஆறிய டின்களைத் தொழிலாளி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். ஓசை மாறினால் அந்த டின் ஒழுகுகிறது என்று ஒதுக்கிவிடுவார். இந்தத் தேர்ந்த கைவேலையில் பெரும்பங்கு சீனத் தொழிலாளர்களுடையது. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதன்பின் பழகிய ஆட்கள் அருகிப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியாட்டிலில் உருவான மீன் வெட்டும் இயந்திரம், சீனரை இழிவுபடுத்தும் பெயரோடேயே விற்பனைக்கு வந்தது. அவர்கள் உழைப்பில் வளர்ந்த தொழில் அவர்களுக்கு இழைத்த அநீதி அது. பிறகு அந்த இடத்துக்குப் பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் பெருமளவில் வந்தார்கள்.

மீன் டின்னுக்குள்ளேயே வெந்துவிடுவதுதான் அதன் சமையலைத் தீர்மானித்தது. நீராவியின் அழுத்தத்தில் வேகும்போது முள்ளும் விரலால் நசுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். அதையும் சேர்த்தே சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். வேறு நீர் ஊற்றாமல் அடைப்பதால் டின்னில் நிற்கும் சாறு மீனுடையதே. அதைக் கொட்டிவிட்டால் பாதிச் சுவை போய்விடும். இனி மீனைச் சமைக்க வேண்டியதில்லை, சூடாக்கினால் போதும்.

தொடக்க காலத்தின் பெரிய சந்தை பிரிட்டன். அங்கே ஆலைத் தொழிலாளர் வீடுகளில் ஞாயிறு மாலைத் தேநீரோடு வைக்கும் சிறப்பு உணவாக டின் சால்மன் ஆனது. கொஞ்சம் வினிகர் விட்டுப் பிசைந்து, வெண்ணெய் தடவிய ரொட்டியில் வெள்ளரித் துண்டுகளோடு வைத்தார்கள். அடுப்பே தேவைப்படவில்லை. இதற்கு எண்ணெய்ப் பசையும் ஆழ்ந்த சிவப்பும் உள்ள சாக்கை வகை ஏற்றது. வெளிறிய பிங்க் வகை விலை குறைவு, சதையும் சற்று வறண்டது. எனவே வேறு பொருளோடு சேர்த்துச் செய்யும் பண்டங்களுக்குப் போனது.

அமெரிக்க வீடுகளில் அப்படிப் பிறந்தவை பல. உதிர்த்த மீனோடு முட்டை, நறுக்கிய வெங்காயம், ரொட்டித் தூள் சேர்த்துப் பிசைந்து தட்டையாகத் தட்டி வாணலியில் பொரித்தால் கட்லெட் போன்ற ‘பாட்டி’ (patty). தென்மாநிலங்களில் ரொட்டித் தூளுக்குப் பதில் மக்காச்சோள மாவு. அதே கலவையைப் பாலில் தளர்த்தி அச்சிலிட்டு ஓவனில் சுட்டால் சால்மன் லோஃப். வெண்ணெயில் மைதாவை வதக்கிப் பால் ஊற்றிய சாஸில் மீனையும் பச்சைப் பட்டாணியையும் போட்டு டோஸ்ட்டின் மேல் ஊற்றுவதும் உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் இறைச்சி வாங்க முடியாத குடும்பங்களுக்கு இவைதான் கைகொடுத்தன. ஒரு டின் மீன் ஒரு குடும்பத்துக்கே போதுமானதாக ஆனது இந்தக் கலவையால்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 டிசம்பரில் பிரிட்டனில் டின் உணவுகளுக்குப் புள்ளி முறைப் பங்கீடு வந்தபோதும் இதே உத்தி உதவியது. மசித்த உருளைக்கிழங்கில் கொஞ்சம் சால்மன் கலந்து மீன் கேக் பொரித்தார்கள்.

போருக்குப் பின் உறைமீனும், பின்னர் பண்ணையில் வளர்த்த சால்மனும் பரவின. கொலம்பியா முகத்துவாரத்தில் அஸ்டோரியா நகரின் கடைசிப் பெரிய ஆலை 1980இல் மூடப்பட்டது. இன்றைய அமெரிக்க டின் சால்மன் பெரும்பாலும் அலாஸ்காவில் பிடித்தது. தோலும் முள்ளும் நீக்கிய டின்களும் இப்போது கிடைக்கின்றன; அவற்றில் அந்தச் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி இல்லை.