நூலக அடுக்கில் சித்திரக்கதை: அமெரிக்க அனுபவம், 1940–2022

1940 மே 8 அன்று ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ நாளிதழின் இலக்கியப் பகுதி ஆசிரியர் ஸ்டெர்லிங் நார்த், சித்திரக்கதைப் புத்தகங்கள் நாட்டுக்கே அவமானம் என்று எழுதினார். சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நார்த்தின் கட்டுரையைப் பல இதழ்கள் மறுபதிப்பு செய்தன. நூலகர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றார்கள். நல்ல புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பத்து சென்ட் குப்பையைத் தாமே விட்டுவிடுவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள்.

அதே நூலகத்துறை இன்று சித்திரக்கதைக்கு விருது கொடுக்கிறது. வில் ஐஸ்னர், ஆர்ட் ஸ்பீகல்மன் போன்ற மேதைகள் வந்து வடிவத்தின் தரத்தை உயர்த்தினார்கள், அதனால் மதிப்பு வந்தது என்றே இந்த மாற்றத்தை வழக்கமாக விளக்குவார்கள். அது பாதி உண்மை. எதைச் சேகரிப்பது, எதைப் பரிந்துரைப்பது என்று நூலகங்கள் எடுத்த முடிவுகளைப் பார்க்காமல் மறுபாதி விளங்காது.

எதிர்ப்பு உச்சம் தொட்டது 1954இல். அந்த ஆண்டு மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தாம் ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்’ நூலை வெளியிட்டார். இளங்குற்றவாளிகள் உருவாவதில் சித்திரக்கதைக்குப் பெரும் பங்குண்டு என்பது அவர் வாதம். வெர்த்தாமை வெறும் தணிக்கைக்காரராகப் பார்ப்பது நியாயமல்ல. நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மனநல சிகிச்சை நிலையம் தொடங்கியவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை குழந்தைகளின் மனதைச் சிதைக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். அவரது அக்கறை போலியானதல்ல. சான்றுகளைக் கையாண்ட விதம்தான் பழுது.

அதே ஆண்டு அமெரிக்க செனட் துணைக்குழு சித்திரக்கதைகள் குறித்து நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. திகில் கதைகளைப் பதிப்பித்த வில்லியம் கெய்ன்ஸிடம், துண்டித்த தலை இடம்பெற்ற ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது ரசனைக்கு உகந்ததா என்று கேட்டார்கள். திகில் கதை அட்டை என்ற அளவில் உகந்ததே என்றார் அவர். அந்தப் பதில் அவருக்கே வினையாக முடிந்தது. அரசு சட்டம் கொண்டுவரும் முன் பதிப்பாளர்கள் தாங்களே காமிக்ஸ் கோட் என்ற விதித்தொகுப்பை ஏற்றார்கள். அதன்படி தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் வரக் கூடாது, இரத்தக்காட்டேரி கூடாது, நன்மை எப்போதும் வெல்ல வேண்டும், காவலரையும் நீதிபதியையும் மதிப்புக் குறைவாகக் காட்டக் கூடாது. நாயகனாகக் கறுப்பின விண்வெளி வீரர் வந்த ஒரு கதைக்குக்கூட கோட் அலுவலகம் ஆட்சேபம் எழுப்பியது. கோட் வந்தபின் வயதுவந்தவர் வாசிக்கும்படி எழுத அச்சுச் சந்தையில் இடம் சுருங்கியது.

வெர்த்தாமின் வாதத்தை உடைத்ததும் ஒரு நூலகத்தின் சேமிப்புதான். அவர் விட்டுச்சென்ற தாள்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பூட்டிக் கிடந்தன. 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் கற்பித்த கேரல் டில்லி அவற்றை நூலோடு ஒப்பிட்டு 2012இல் கட்டுரை வெளியிட்டார். இருவர் தனித்தனியே சொன்னதை வெர்த்தாம் ஒருவர் கூற்றாக்கியிருந்தார்; பிள்ளைகளின் வாழ்வில் இருந்த வேறு காரணங்களை விட்டிருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு கலைவடிவத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்த நூலை அதற்குள் யாரும் எளிதில் மூலத்தோடு வைத்துச் சரிபார்த்திருக்க முடியாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்நூல் கிளப்பிய எதிர்ப்பில் பிறந்த காமிக்ஸ் கோடின் முத்திரையை டிசி, ஆர்ச்சி நிறுவனங்கள் கைவிட்டதே 2011இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் சேகரிப்பு தொடங்கிவிட்டது. 1977இல் ஓவியர் மில்டன் கேனிஃப் தம் படங்களையும் தாள்களையும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்றைய பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகம் அதிலிருந்து வளர்ந்தது. மறு ஆண்டு ஐஸ்னரின் ‘எ கான்ட்ராக்ட் வித் காட்’ வந்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக் குடியிருப்பில் வாழும் எளிய யூதர்களைப் பற்றிய நான்கு கதைகள். வளர்ப்பு மகளை இழந்தவன் கடவுளோடு சண்டையிடும் முதல் கதைக்குப் பின்னால் ஐஸ்னர் தம் மகளைப் பறிகொடுத்த துயரம் இருந்தது. ‘கிராஃபிக் நாவல்’ என்ற பெயர் பரவலானது இந்நூலால்தான். ஆனாலும் கடைக்காரர்களும் நூலகர்களும் இதை எங்கே வைப்பதென்று தடுமாறினார்கள்.

அந்தத் தடுமாற்றத்தை ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ இன்னும் கூர்மையாக்கியது. நாஜி முகாமில் உயிர்பிழைத்த தந்தையின் கதையை, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து சொன்னார். 1991இல் இரண்டாம் பாகம் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் புனைவாக இடம்பெற்றபோது அவர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். இதழ் அதை அபுனைவுக்கு மாற்றியது. அடுத்த ஆண்டு புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது.

பிறகு வேகம் கூடியது. 2007இல் ஜீன் லூயன் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ பிரின்ட்ஸ் விருதையும், 2020இல் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ நியூபெரி பதக்கத்தையும் பெற்றன. இரண்டு விருதுகளுமே அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவுகள் வழங்குபவை; அவ்விருதுகளை வென்ற முதல் கிராஃபிக் நாவல்கள் இவையே.

எதிர்ப்பு ஓயவில்லை. 2022 ஜனவரியில் டென்னசியின் மெக்மின் வட்டாரப் பள்ளி வாரியம் வசைச்சொற்களையும் நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டி ‘மவுஸ்’ நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. படம் எழுத்தைவிட ஆழமாகப் பிள்ளைகளைப் பாதிக்கும் என்ற பழைய அச்சமே இதற்குள்ளும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வேறுபாடு ஒன்று: 1940இல் நார்த்தின் பக்கம் நின்ற நூலகத்துறை இப்போது புத்தகத்தின் பக்கம் நின்றது.

புதிய வாசகர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நூலகங்கள் நூல்களை வரிசைப்படுத்தப் பயன்படுத்தும் டூவி பகுப்புமுறை சித்திரக்கதைகளை 741.5இல், ஓவியக் கலையின் கிளையாக வைக்கிறது. அதனால் நினைவுக்குறிப்பும் போர் வரலாறும் சூப்பர்மேனும் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும். சில நூலகங்கள் ‘மவுஸ்’ போன்றவற்றை இரண்டாம் உலகப்போர் வரலாற்றுக்குரிய 940.53இல் வைக்கின்றன. ஓரிடத்தில் கிடைக்காவிட்டால் மற்றதையும் பார்த்துவிடுவது நல்லது.