வால்பேப்பர் மாத்த முடியாத கம்பியூட்டர்

எங்க வீட்டு அலுமாரிக்கு மேல ரொம்ப காலமா ஒரு சின்ன கம்பியூட்டர் கிடந்துச்சு. 10 அங்குலத் திரை, 1 ஜிபி ரேம். கொழும்பில மாமா வேலை செஞ்ச இடத்தில 'இனி வேணாம்'னு கழிச்சு விட்டதை, பஸ்ஸில மடியில வச்சு ஹல்துமுல்லைக்குக் கொண்டுவந்தார். நெட்புக்னு அதுக்குப் பேர். கொஞ்ச நாள் ஓடிச்சு, பிறகு படுத்துருச்சு.

2020இல் பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் ஒன்லைனுக்குப் போனப்பதான் அதை மறுபடி இறக்கினோம். ஊவாப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறின காலம் அது. வீட்டில ஒரு போன், படிக்கிறது மூணு பேர். நெட்புக்கைத் திறந்தா, உள்ளே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். சுவிச்சைப் போட்டுட்டு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்தாலும் எழும்பியிருக்காது. சலிச்சுப்போன தங்கச்சி, பின்னால இருக்கிற நீலப் படத்தையாவது மாத்துவோம்னு பாத்தா, அதுக்கு வழியே இல்ல. "காசு குடுத்து வாங்கின சாமானில படத்த மாத்தக்கூட உரிமை இல்லையா?"ன்னு கேட்டா.

நானும் மெஷின் பழுதுன்னுதான் நெனச்சேன். பழுதே இல்ல. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஏன் அப்படிச் செஞ்சாங்கங்கிற கதைதான் இது.

முதல்ல வந்தது லினக்ஸ்தான்

2005இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரோபொன்டே, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டொலர் லெப்டொப்னு ஒரு திட்டத்தை அறிவிச்சார். 'பிள்ளைக்கொரு லெப்டொப்' திட்டம். சொன்ன விலைக்குச் செய்ய முடியல. ஆனா சின்ன, மலிவான கம்பியூட்டருக்கும் சந்தை இருக்குன்னு கொம்பனிகளுக்கு அது காட்டிக் குடுத்துச்சு.

2007 ஜூனில், தாய்வானில நடந்த கொம்பியூடெக்ஸ் கண்காட்சியில அசுஸ் கொம்பனி ஈ பிசி 701ஐக் காட்டியது. அந்த வருச ஒக்டோபரில அது விற்பனைக்கு வந்தது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதுக்குள்ள இருந்தது விண்டோஸ் இல்ல, ஸான்ட்ரோஸ் என்கிற லினக்ஸ். அடுத்த வருசம் ஏசர் தன்னோட அஸ்பயர் வன்னை லின்பஸ் லினக்ஸோட விட்டது. டெல் தன்னோட மினி 9ஐ உபுண்டுவோட குடுத்தது.

காரணம் கொள்கை இல்ல, கணக்கு. 300 டொலர் சாமானில விண்டோஸுக்குக் காசு கட்டினா இலாபம் எங்க இருக்கும்? அதோட அப்போ மைக்ரோசொப்ட் வித்துக்கிட்டிருந்த விண்டோஸ் விஸ்டாவுக்கு 4 ஜிபி இடமே பத்தாது. அதனால பெரிய கடைகள்ல, பெரிய கொம்பனிப் பேரோட, சாதாரண ஆள் வாங்குற சாமானா லினக்ஸ் போய் உக்காந்தது.

அதனால, நெட்புக்கில லினக்ஸ் போடுறதை 'மாற்று இயங்குதளம்'னு சொல்றப்ப எனக்கு ஒரு சிரிப்பு வரும். அந்தப் பெட்டி பிறக்கையிலே அதுக்குள்ள இருந்ததே லினக்ஸ்தான். மாத்தினது பிறகு.

எப்படி மாறிச்சு

விண்டோஸ் எக்ஸ்பியை 2008 ஜூன் 30ஓட கடைகளுக்கும் கொம்பனிகளுக்கும் விற்கிறதை நிப்பாட்ட மைக்ரோசொப்ட் முடிவு செஞ்சிருந்தது. நெட்புக்கில லினக்ஸ் ஓடுறதைப் பாத்ததும், அதுக்கு முந்தியே, ஏப்ரல்ல, சின்ன மலிவுக் கம்பியூட்டர்களுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் தொடரும்னு அறிவிச்சது. சாகப்போன எக்ஸ்பிக்கு ஆயுசு நீண்டது நெட்புக்கால. சலுகை விலைக்குப் பதிலா நிபந்தனை இருந்துச்சு. திரை இவ்வளவுக்குள்ள, ரேம் 1 ஜிபிக்குள்ளன்னு அப்போ செய்திகள்ல வந்தது. நம்ம வீட்டு மெஷின்ல 1 ஜிபிக்கு மேல ஏன் இல்லன்னு இப்ப விளங்குதா?

எல்லாப் பழியையும் மைக்ரோசொப்ட் மேல போடவும் முடியாது. ஆரம்பத்தில வந்த லினக்ஸ்கள் பல அரைவேக்காடு. ஸான்ட்ரோஸும் லின்பஸும் பெரிய பெரிய பொத்தான்களைக் காட்டி, உள்ள இருக்கிறதை ஒளிச்சு வச்சன. புதுசா ஒரு சொப்ட்வெயார் போடுறதே வித்தை. லினக்ஸ் நெட்புக்குகளை வாங்கினவங்க, எக்ஸ்பி வாங்கினவங்களைவிட நாலு மடங்கு அதிகமா திருப்பிக் குடுக்கிறாங்கன்னு எம்.எஸ்.ஐ. கொம்பனி 2008 ஒக்டோபரில சொல்லிச்சு. 2009 ஏப்ரலில, அமெரிக்காவில விக்கிற நெட்புக்குகள்ல 96 வீதம் விண்டோஸ்தான்னு மைக்ரோசொப்ட் பெருமையா அறிவிச்சது. ஒன்றரை வருசத்தில ஆட்டம் முடிஞ்சது.

பிறகு 2009 ஒக்டோபரில விண்டோஸ் 7. அதில நெட்புக்குக்குன்னு 'ஸ்டார்ட்டர்'. முதல்ல ஒரே நேரத்தில மூணு வேலைக்கு மேல திறக்க விடாம இருக்கத் திட்டம் போட்டாங்க. எதிர்ப்பு வந்ததும் அதைக் கைவிட்டாங்க. ஆனா வால்பேப்பர் மாத்துறதை விடல. ஒரு படத்தை மாத்த மெஷினுக்கு எந்தச் சுமையும் இல்ல. 'நீ வாங்கினது மலிவுச் சாமான்'னு தினம் ஞாபகப்படுத்தவும், கூடக் காசு கட்டி அடுத்த படிக்கு ஏற வைக்கவும்தான் அந்தப் பூட்டு.

லயத்தில பிறந்தவங்களுக்கு இது புதுசில்ல. நாலு தலைமுறை ஒரே காம்பராவில இருந்திருப்போம், ஆனா உறுதி நம்ம பேரில இருக்காது. ஒரு பத்தி இறக்கணும்னாலும் தொரைகிட்ட கேக்கணும். இருக்கலாம், மாத்தக்கூடாது. ஸ்டார்ட்டரும் அந்தச் சட்டம்தான்.

2010இல் ஐபேட் வந்ததும் நெட்புக்கின் மவுசு குறைஞ்சது. 2012 முடிவோட அசுஸ் உற்பத்தியை நிப்பாட்டிச்சு. ஆனா அந்தச் சின்னத் திரை ஒரு தடம் விட்டுட்டுப் போனது. 2010இல் உபுண்டு தன்னோட நெட்புக் பதிப்புக்காக யூனிட்டி என்கிற முகப்பைச் செஞ்சது. நெட்புக்குக்கு அகலம் உண்டு, உயரம் இல்ல. அதனால கீழே இருந்த பட்டையை இடது பக்கத்துக்கு நகர்த்தினாங்க. அடுத்த வருசம் அதுவே பெரிய உபுண்டுவுக்கும் வந்தது. இன்னைக்கும் உபுண்டுவைத் திறந்தா பட்டை இடப்பக்கம்தான்.

நம்ம பக்கத்துக் கதை

தமிழ்நாட்டில எல்கொட் அரசு நிறுவனத்தோட நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர் 2007 வாக்கில அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாத்தினார். சென்னை சி-டாக் அதே 2007இல் டெபியனை அடிப்படையா வச்சு 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டெம்பர் 15இல் தொடங்கின இலவச லெப்டொப் திட்டத்தில பிள்ளைகளுக்கு விண்டோஸோட பாஸும் சேர்ந்து போனது. 2012 ஜனவரியில தமிழில லினக்ஸ் சொல்லிக் குடுக்க 'கணியம்' மின்னிதழ் வந்தது. நான் படிச்சது அதில இருந்துதான்.

இலங்கையிலயும் வெறுங்கை இல்ல. கண்டி ஹந்தானை மலையின் பேரிலயே ஹந்தான லினக்ஸ்னு ஒண்ணு, பெடோராவை அடிப்படையா வச்சு, செஞ்சிருக்காங்க. 2004 டிசெம்பர் சுனாமி நேரம், காணாமப்போனவங்களையும் முகாம்களையும் பதிவு செய்ய இங்க உள்ள தொண்டர்கள் எழுதின சஹானா என்கிற கட்டற்ற சொப்ட்வெயாருக்கு 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோட சமூகப் பயன் விருது கிடைச்சது.

சஹானாவைப் பத்தி வாசிச்சப்ப எனக்கு மீரியபெத்தைதான் ஞாபகம் வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில மண் சரிஞ்சு லயங்களை மூடின இடம், நம்ம ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளதான். எத்தனை பேர் உள்ளே என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிச்சு. ஒரு பட்டியல் சரியா இருக்கிறதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விசயம்னு அந்த வாரம் இங்க எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு பட்டியலைச் செய்யிற கருவியை இந்த நாட்டு ஆக்களே எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம்னு உலகத்துக்குக் குடுத்திருக்காங்க. கம்பியூட்டர் படிக்கிறதுன்னா டைப் பண்றதோட முடியலங்கிறதுக்கு எனக்கு அதுதான் உதாரணம்.

போட்ட கதை

2021இல் துணிஞ்சோம். நடுச்சாமத்து டேட்டாவில ராத்திரி முழுக்க இறக்கினது வீணாப் போச்சு. நான் இறக்கினது 64 பிட். நம்ம மெஷினோட மூளை இன்டெல் ஆட்டம் என்280, அது 32 பிட் மட்டும்தான் விளங்கிக்கும். பென்ட்ரைவைச் செருகினதும் ஒரு வரி பிழை காட்டி நின்னுருச்சு. நீங்க செய்யிறதா இருந்தா, முதல்ல இதைப் பாருங்க.

இரண்டாம் முறை எடுத்தது ஆன்டிஎக்ஸ். கிரேக்க நாட்டில இருக்கிற, 'அன்டிகேபிடலிஸ்டா'ங்கிற புனைபெயர்காரர் ஒருத்தர் நடத்துற லினக்ஸ். 256 எம்பி ரேம்லயும் அசையும். ஒவ்வொரு பதிப்புக்கும் போராளிகளின் பேர் வைப்பாங்க. நான் போட்ட 19ஆம் பதிப்பின் பேர் மரியெல் பிராங்கோ. ரியோ டி ஜெனீரோ நகரசபை உறுப்பினர், சேரியில பிறந்த கறுப்பினப் பெண், 2018 மார்ச்சில சுட்டுக் கொல்லப்பட்டவர். ஹல்துமுல்லை வீட்டுக்குள்ள அந்தப் பேர் திரையில வந்தப்ப, அவர் யார்னு தேடி வாசிச்சோம்.

வேலை லேசுதான். வேற ஒரு லெப்டொப்பில பென்ட்ரைவைத் தயார் பண்ணணும். மெஷின் எழும்பும்போது பயோஸுக்குள்ள போய் பென்ட்ரைவை முதலாவதா வைக்கணும். பதியாமலே பென்ட்ரைவில ஓட்டிப் பாக்கலாம். வைபை, சத்தம், கீபோட் எல்லாம் சரின்னா மட்டும் ஹாட்டிஸ்கில பதியலாம். பதிஞ்சா பழசெல்லாம் அழியும், போட்டோக்களை முதல்ல எடுத்து வைங்க. எங்களுக்கு எல்லாம் சரியா வந்துச்சு, வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற பொத்தான் மட்டும் இன்னைக்கும் வேலை செய்யல.

ஒரு நிமிசத்துக்குள்ள எழும்புது. தங்கச்சி முதல் வேலையா வால்பேப்பரை மாத்தினா. அடுத்தது தமிழ். இலங்கைக்கான எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலயும் கிடைக்குது. நூலகம் தளத்தில மலையகப் புத்தகங்களை இறக்கி வாசிக்கிறோம்.

பொய் சொல்லக் கூடாது. வீடியோ வகுப்புக்கு இது சரிவராது, திணறும். டியூசன் நோட்ஸ் இன்னும் பாமினி எழுத்துருவில வருது, அதை யுனிகோடுக்கு மாத்தித்தான் திருத்த முடியும். பரீட்சைக்கு வேர்டில எந்த மெனு எங்க இருக்குன்னு கேக்கிறான், அதை பள்ளிக்கூட லேப்பிலதான் பழகணும். போனுக்குப் பதில் இது இல்ல. ஆனா எழுத, வாசிக்க, கணக்குப் போட, புரோகிராம் பழக, ஒரு பிள்ளைக்குச் சொந்தமா ஒரு மெஷின்.

நேரமும் அதிகமில்ல. உபுண்டு 2017லேயே 32 பிட்டுக்கான டெஸ்க்டொப் பதிப்பை விட்டுருச்சு. 2025 ஓகஸ்டில வந்த டெபியன் 13இலும் 32 பிட் கம்பியூட்டருக்குப் பதிகிற கோப்பு இல்ல. 'யார் இப்ப இதைப் பாவிக்கிறாங்க?'ங்கிறதுதான் அவங்க கேள்வி. நாங்க பாவிக்கிறோம். ஆனா அந்த அறையில அதைச் சொல்ல நம்ம ஆள் ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்க. அந்தப் பிள்ளையும் நம்ம பக்கமிருந்துதான் வரணும்.

உங்க வீட்டு அலுமாரி மேலயும் ஒண்ணு கிடந்தா, பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துராதீங்க. ஒரு பென்ட்ரைவ் போதும்.