அமெரிக்கப் பெயருக்குள் மறைந்த பூட்டன்

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் பாட்டனின் பெயரைக் கேட்டால் உடனே சொல்வார். பூட்டனின் பெயர் என்றால் சற்று யோசிப்பார். அதற்கு அப்பால் பெரும்பாலான குடும்பங்களுக்கு எதுவும் தெரியாது. தமிழரிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாததும் இதற்கு ஒரு காரணம். தந்தையின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாக வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நான்கு தலைமுறை பின்னால் போவது கடினம். இந்த நிலையில் முன்னோரைத் தேடுபவர்களுக்குக் கை கொடுப்பவற்றுள் ஒன்று பழைய பள்ளிக்கூடப் பதிவு.

இலங்கையில் இது ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கோவிற்பற்றுத் தோறும் பள்ளி வைத்திருந்தனர். அந்தப் பள்ளி ஆசிரியர் பாடம் சொல்லிக் கொடுப்பவர் மட்டுமல்லர். ஊராரின் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் எழுத்தரும் அவரே. இந்தப் பதிவுகளுக்குப் பாடசாலைத் தோம்பு என்று பெயர். இன்றைய பிறப்பு, விவாகப் பதிவாளரின் வேலையை அன்று வாத்தியார் செய்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஊர்ச் சட்டம்பியாரின் திண்ணைப் பள்ளிக்கூடம் இதற்கு நேர் எதிரானது. அங்கே பிள்ளைக்கு ஏடு தொடக்குவார்கள், மணலிலும் ஓலையிலும் எழுதப் பழக்குவார்கள். யார் யார் படித்தார்கள் என்ற இடாப்பு எதையும் அது விட்டுச் செல்லவில்லை. நல்ல தமிழறிவு தந்த பள்ளிதான், ஆனால் வம்சம் தேடுபவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் குடியேறினர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய கோவில் கட்டிடங்களைத் திருத்தி வேலையைத் தொடங்கினர். சுற்று வட்டாரக் கிராமங்களில் இலவசப் பள்ளிகளைத் திறந்தனர். அவற்றில் ஊர்ச் சைவர்களே வாத்தியார்களாகவும் இருந்தனர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் வந்தன.

விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு சபையோ குடும்பமோ ஒரு பிள்ளைக்கான செலவை ஏற்றுக்கொள்ளும். பதிலாக அப்பிள்ளைக்கு அவர்கள் விரும்பிய பெயர் சூட்டப்படும். தங்கள் போதகரின் பெயரையோ, இறந்துபோன உறவினரின் பெயரையோ கொடுத்தார்கள். பசிக்கும் படிப்புக்கும் வந்த பிள்ளை, தாய் தகப்பன் வைத்த பெயரைப் பள்ளி வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. இதைத் தருமம் என்பதா, விலை என்பதா? இரண்டும்தான்.

இதன் விளைவு விசித்திரமானது. வில்லியம் நெவின்ஸ் என்பவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போதகர். அதே பெயரை யாழ்ப்பாணத்தில் தாங்கியவர் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை, தமிழில் நியாய இலக்கணம் எழுதியவர். 1887இல் அவர் நடத்திய பள்ளியே பின்னர் சைவர்களின் கைக்கு வந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அவருடைய மகன் நெவின்ஸ் செல்வத்துரை அக்கல்லூரியின் அதிபரானார். பால்டிமோர் பாதிரியாரின் பெயர் ஓர் இந்துக் கல்லூரி அதிபரின் பெயரில் வந்து உட்கார்ந்ததைப் பெயர் கொடுத்த அமெரிக்கர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்!

பாவலர் சரித்திர தீபகம் (1886) எழுதிய மானிப்பாய் சதாசிவம்பிள்ளை பதிவுகளில் ஆர்னல்ட். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான இருவரில் ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இவருடைய மகன் அழகசுந்தரத்தை உலகம் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று அறிந்தது. இவர்கள் புகழ் பெற்றவர்கள், ஆகவே இரண்டு பெயரும் நமக்குத் தெரிகின்றன. புகழ் பெறாமல் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்து மறைந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு, பட்டியலில் உள்ள ஆங்கிலப் பெயர் தங்கள் பூட்டன்தான் என்பதே தெரியாமல் போகிறது.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. உடுவிலில் படித்த பெண்ணுக்கு முதலில் பெயர் மாறும், திருமணத்தின் பின் கணவன் பெயரும் சேரும். ஆனாலும் அக்காலக் கிராமப் பெண்களில் எழுத்தில் பெயர் பதிந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அந்தப் பதிவின் மதிப்புப் பெரிது.

இப்பதிவுகளில் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பது வேறு கவலை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. பின்னர் போரும் இடப்பெயர்வும் வந்தன. கைவிட்டு ஓடிய வீடுகளிலும் பள்ளிகளிலும் இருந்த தாள்களை யார் காப்பாற்றினார்கள்? ஆனால் மிசனரிமார் தங்கள் தலைமைச் சங்கத்துக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அமெரிக்காவில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. சங்கத்தின் 'மிஷனரி ஹெரால்ட்' இதழின் நன்கொடைப் பட்டியல்களில், இலங்கையில் இன்ன பெயருள்ள பிள்ளைக்காக இன்ன ஊரார் கொடுத்த பணம் என்ற குறிப்புகளும் உண்டு. உள்ளூர்ப் பழைய நூல்கள், இதழ்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் 2005 முதல் இணையத்தில் சேர்த்து வருகிறது.

தேடுபவர் தமிழ்ப் பெயரோடு அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஊர், பள்ளி, சேர்ந்த ஆண்டு, தகப்பன் பெயர் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரு பழைய பைபிளோ காணி உறுதியோ இருந்தால், அதில் யாரும் பொருள் சொல்லாத ஆங்கில முதலெழுத்து ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். பல குடும்பங்களில் பூட்டன் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறார்.